நிலாவின் இடது காதுத் திருகாணி

போன சனிக்கிழமை காலை பாத்ரூமிலிருந்து பவானி என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

"ஏங்க... இங்க கொஞ்சம் வாங்களேன்."

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மனைவியைத் தெரியும். கரப்பான்பூச்சிக்குக் கத்துவாள். ஹீட்டர் மக்கர் பண்ணினால் கத்துவாள். அவள் கத்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை. குரல் இறங்கினால்தான் விஷயம் பெரிது. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

எங்கள் மகள் நிலா குளியல் தொட்டியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். இடது காதில் தோடு முன்பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. பவானி அந்தக் காது மடலை மெல்லத் திருப்பிக் காட்டினாள். பின்னால் ஒன்றுமில்லை.

"திருகாணி எங்க?"

அவள் கேட்டது என்னைத்தான். ஏனென்றால் அன்று காலை அந்தக் காதைக் கடைசியாகத் தொட்டவன் நான்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நிலாவுக்குக் காது குத்தி ரொம்ப நாளாகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு நகைக்கடையின் மாடியில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினோம். தாய்மாமன் என்றால் பவானியின் தம்பி லோகேஸ். 'இப்பவே தங்கத் தோடு எதுக்குடா, குழந்தைங்களுக்குன்னு வர்ற ஸ்டட் போட்டா போதும், பின்னாடி பூட்டிக்கும்' என்று பவானி சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்பதாக இல்லை. மஸ்ஜித் இந்தியா கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கி, சிவப்புக் கல் வைத்த தோடு வாங்கி வந்துவிட்டான். 'தாய்மாமன் போடுறது, ஸ்டட்டா போடுவாங்க?' என்றான். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

காது குத்திய பிறகு ஒரு வேலை இருக்கிறது. தினமும் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்து, தோட்டை லேசாகச் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பவானிக்குக் கை நடுங்கும் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு. பின்னால் திருகாணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் தோட்டைத் திருப்புவேன். ஏதோ பெரிய வித்தை தெரிந்தவன் மாதிரி ஒரு பெருமை வேறு.

"எந்தப் பக்கம் திருப்பினீங்க?" பவானி கேட்டாள்.

எந்தப் பக்கம்? யோசித்தேன். இந்தப் பக்கமா... அந்தப் பக்கமா...? பின்னால் பிடித்துக்கொண்டு முன்னால் இடப்பக்கம் திருப்பினால் என்ன ஆகும்? கழலும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நான் என் மகளின் காதிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணெய் வேறு போட்டு!

பவானி அந்தத் தோட்டைக் கழற்றித் தன் பர்சில் போட்டுக்கொண்டாள். தேட ஆரம்பித்தோம்.

தொட்டித் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தேன். இல்லை. அவள் போட்டிருந்த சட்டையை உதறினோம். இல்லை. சாப்பாட்டு நாற்காலியின் மெத்தையைக் கழற்றினோம். காய்ந்த கஞ்சி, ஒரு பொம்மைக் கண், என்றோ காணாமல் போன என் பேனா மூடி. திருகாணி இல்லை. ஹாலில் விரித்திருக்கும் ஜிக்ஸா பாயைத் துண்டு துண்டாகப் பிரித்து, போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நான் தவழ்ந்தேன். நிலாவுக்கு ஒரே கொண்டாட்டம். துண்டைச் சுற்றிக்கொண்டு அம்மா இடுப்பிலிருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவும் கடைசியில் தவழக் கற்றுக்கொண்டாரே!

ஒரு மிளகு அளவுகூட இருக்காது அந்தத் திருகாணி. இவ்வளவு சின்ன சாமான் எங்கே போகும்?

எங்கே போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தே இருந்தது. யார் முதலில் வாயைத் திறந்து சொல்வது என்பதுதான் பாக்கி.

நிலாவுக்கு மாதம் ஒரு பழக்கம் வந்து சேரும். முதலில் கை முஷ்டியை முழுசாக வாய்க்குள் நுழைக்கப் பார்த்தாள். பிறகு எதைக் கொடுத்தாலும் கீழே போட்டாள். போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாள், எடுத்துக் கொடு என்று. தூக்கம் வந்தால் காதை இழுப்பாள். இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிட்டன. தரையில் கிடக்கும் முடி, எறும்பு, ஒற்றைச் சோற்றுப் பருக்கை எதையும் விடமாட்டாள். நம் கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரியும். எடுப்பாள், ஒரு தடவை உற்றுப் பார்ப்பாள், நேராக வாய்தான்.

இந்த மாதத்துப் புதுப் பழக்கம் ஊட்டிவிடுவது. அதைக் கற்றுக் கொடுத்ததும் நாங்கள்தான். 'அப்பாவுக்கு ஆ குடு' என்றால் தன் தட்டிலிருந்து வாயில் வைத்தால் கரையும் அந்த நட்சத்திர வடிவ பஃப் ஒன்றை எடுத்து நம் வாயில் திணிப்பாள். கேரட்டும் கீரையும் போட்டுச் செய்தது. பாதி நேரம் அவள் வாய்க்குள் போய் ஊறி வெளியே வந்ததாக இருக்கும். சுவையைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை. வாங்கி, நாக்கில் படாமல், மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒரு மடக்குக் காப்பியோடு உள்ளே தள்ளிவிடுவேன். அன்று காலைகூட நான் பத்தி எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து அன்னதானம் நடந்துகொண்டேதான் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தபோது நிலா இருமினாள்.

ஒரே ஒரு இருமல். அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல எச்சில் ஒழுகச் சிரித்தாள். ஆனால் பவானியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"கெளம்புங்க," என்றாள்.

முதலில் தெருமுனை கிளினிக். டாக்டர் நிலாவின் வாய்க்குள் லைட் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். "இப்ப மூச்சு நல்லா இருக்கு. ஆனா வயித்துல இருக்கா, மூச்சுக் குழாய்ல இருக்கான்னு இங்க பார்க்க முடியாது. எக்ஸ்ரே இருக்கிற பெரிய எடத்துக்குப் போங்க. சாப்பிட, குடிக்க ஒன்னும் குடுக்காதீங்க," என்றார். கடைசியில், "வழியில இருமினா, கலர் மாறினா உடனே வண்டிய நிறுத்திட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க," என்றும் சொன்னார். அதை எவ்வளவு அமைதியாகச் சொன்னாலும் அமைதியாகக் கேட்க முடியுமா?

கிள்ளானில் இருப்பவர்களுக்குச் சனிக்கிழமை பாலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு லோரி, அதற்குப் பின்னால் ஒரு லோரி, நடுவில் நாங்கள். வண்டி ஊர்ந்தது. நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

கார் சீட்டில் நிலா கொட்டாவி விட்டாள். பிறகு கையைத் தூக்கி இடது காதை இழுத்தாள்.

நல்ல நாளில் இது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய சந்தோஷம் தெரியுமா? காதை இழுத்தால் தூங்கப் போகிறாள் என்று அர்த்தம். பவானியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்து, சத்தமில்லாமல் கை தட்டுவோம். அன்றைக்கு அதே பழக்கத்தைப் பார்த்ததும், "பவா, தூங்க விடாத," என்றேன். தூங்கிவிட்டால் மூச்சு திணறுகிறதா என்று எப்படித் தெரியும்?

"நிலா... நிலாக்குட்டி... அம்மாவப் பாரு. தூங்காதடா. ப்ளீஸ்டா தங்கம்," என்று பவானி கெஞ்சினாள். ராத்திரி எல்லாம் தூங்கு தூங்கு என்று கெஞ்சுகிறவள். நிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தூங்கிப் போனாள். பவானி அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டாள். அந்த விரலைப் பாலம் தாண்டியும் எடுக்கவில்லை, ஹைவே ஏறியும் எடுக்கவில்லை.

"மூச்சு வருதா?"

"வருது. நீங்க ரோட்டப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. "பவா!" என்று கத்திவிட்டேன். "வருதுங்க! எண்ணிக்கிட்டு இருக்கேன், பேச வைக்காதீங்க," என்று அவளும் கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து, கிளினிக்கில் பவானி போட்ட மெசேஜைப் படித்துவிட்டு லோகேஸ் போன் பண்ணினான். கார் ஸ்பீக்கரில் குரல் அதிர்ந்தது.

"மாமா, டென்ஷன் ஆவாதீங்க லா. பிசாங் மாஸ் வாழைப்பழம் ரெண்டு குடுங்க. அப்படியே வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையனுக்கு..."

"டேய்," என்றாள் பவானி. "ஸ்டட் போதும்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

"அக்கா... நான் செமினிலேர்ந்து கெளம்பிட்டேன். வந்துக்கிட்டு இருக்கேன்," என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. அவன்தான் மடியில் வைத்து அந்தக் காதைப் பிடித்துக்கொண்டவன். நிலா அன்று வீறிட்டபோது அவளைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான். அவனைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தோடு வாங்கியவன் அவன், கழற்றியவன் நானல்லவா?

மருத்துவமனையில் எங்களை உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தூடோங் முக்காடு போட்ட இளம் டாக்டர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எனக்கு மலாய் தண்ணி பட்ட பாடு, ஆனால் திருகாணிக்கு மலாயில் என்ன என்று அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? தோட்டைக் காட்டி, பின்பக்கத்தைக் காட்டி, விரலால் சுற்றிக் காட்டி... கடைசியில் நிலாவின் வலது காதைத் திருப்பி, "இதேதான்," என்றேன். டாக்டர் குனிந்து பார்த்தார். "இவ்வளவு சின்னதா?" என்றார். அவர் புருவம் சுருங்கியதை நானும் பார்த்தேன், பவானியும் பார்த்தாள்.

எக்ஸ்ரே அறையில் நர்ஸ் ஒரு கிண்ணத்தை நீட்டினார். உடம்பில் இருக்கிற உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். கழற்றினோம். இரண்டு கைக் காப்பு, இரண்டு கொலுசு, கழுத்துச் சங்கிலி, சிணுங்கிக்கொண்டே கொடுத்த வலது காதுத் தோடு. கிண்ணத்தைப் பார்த்து நர்ஸ், "தங்கக் கடையா?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பவானி கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு நிலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். உள்ளே நிலா அழுகிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அழுதால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற பிள்ளை அழவேண்டும் என்று எந்த அப்பனாவது வேண்டுவானா?

படம் வந்தது. டாக்டர் திரையில் கழுத்தைக் காட்டினார். ஒன்றுமில்லை. நெஞ்சைக் காட்டினார். ஒன்றுமில்லை. எனக்கு மூச்சு வந்தது.

அவர் படத்தைக் கீழே இறக்கினார்.

அடிவயிற்றுப் பக்கம், வெள்ளை வெளேரென்று ஒரு சாமான்.

பவானி என் முழங்கையைப் பிடித்தாள். டாக்டர் அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கிண்ணத்திலிருந்த வலது காதுத் திருகாணியை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"இது அது இல்லை," என்றார். "இது நீளமாக இருக்கிறது. உருளை மாதிரி. வீட்டில் பேட்டரி போட்ட பொம்மை ஏதாவது இருக்கிறதா? ரிமோட்? சின்ன பேட்டரி ஏதாவது காணவில்லையா?"

"தெரியவில்லை, டாக்டர்," என்றேன்.

"பேட்டரியாக இருந்தால் காத்திருக்க முடியாது. உள்ளேயே புண்ணாக்கிவிடும். சர்ஜனைக் கூப்பிட வேண்டும்," என்றவர் போனை எடுத்தார்.

என் தலைக்குள் வீடு முழுக்க ஓடியது. பாடுகிற வாத்து, டிவி ரிமோட், கேட் ரிமோட், தீபாவளிக்கு மாட்டிய விளக்குச் சரம்... எதில் என்ன பேட்டரி? எது திறந்து கிடந்தது? ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தோமே, அதற்குள் இவள் எப்போது பேட்டரியை விழுங்கினாள்? நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன், "சாமி, என் பிள்ளைய காப்பாத்து," என்று.

பவானி மட்டும் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியிலிருந்த நிலாவைப் பார்த்தாள். மெதுவாக டயப்பரின் விளிம்புக்குள் விரலை விட்டாள். கறுப்புக் கயிறு ஒன்று வெளியே வந்தது. அதன் முனையில், சின்னதாக, நீளமாக, உருளையாக...

"தாயத்து," என்றாள். "ஏங்க, அரைஞாண் கயித்துல தாயத்து!"

பிறந்த முப்பதாம் நாள் கட்டியது. அன்றிலிருந்து குளித்தாலும் தூங்கினாலும் அவள் இடுப்பிலேயே கிடப்பது. காப்பைக் கழற்றினோம், கொலுசைக் கழற்றினோம். அது எங்கள் ஞாபகத்துக்கே வரவில்லை. அது நகையா என்ன? அது அவள் உடம்பில் ஒரு பாகமாக ஆகிவிட்டிருந்தது. குழந்தையைக் காப்பதற்காகக் கட்டிய வெள்ளித் தாயத்து, எங்கள் உயிரைப் பாதி எடுத்துவிட்டது.

டாக்டர் போனை வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை எடுத்துவிடலாம்," என்றார். கயிறு கத்தரிக்கப்பட்டது. நிலா மறுபடியும் அழுதாள். மறுபடியும் படம் வந்தது.

கழுத்து சுத்தம். நெஞ்சு சுத்தம். வயிறு சுத்தம்.

"உலோகம் எங்கே இருந்தாலும் தெரியும். உங்கள் மகள் எதையும் விழுங்கவில்லை," என்றார் டாக்டர். "வீட்டில் எங்கேயோ கிடக்கிறது. தேடுங்கள்."

பவானி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வண்டியில் அழாதவள், படத்தைப் பார்த்து அழாதவள், சுத்தம் என்றதும் அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை.

வெளியே பெஞ்சில் லோகேஸ் உட்கார்ந்திருந்தான். செமினியிலிருந்து எப்படித்தான் ஓட்டினானோ, சட்டை வேர்த்து ஒட்டியிருந்தது. கையில் ஒரு சீப்பு பிசாங் மாஸ். "ஒன்னும் இல்லடா," என்று பவானி சொன்னதும் நிலாவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பசியோடு இருந்தவளுக்குப் பவானி பையிலிருந்து பஃப் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். நிலா ஒன்றை எடுத்தாள். தன் வாய்க்குக் கொண்டு போகவில்லை. மாமன் மடியிலிருந்து எட்டி, என் பக்கம் கையை நீட்டினாள்.

"ஆ."

காலையிலிருந்து பட்டினி கிடந்த குழந்தை. முதல் வாயை எனக்குத் தருகிறாள். நெகிழ்ந்துபோய் வாயைத் திறந்தேன்.

திறந்தவன், அப்படியே நின்றேன்.

காலையில் எழுதிக்கொண்டிருந்தபோது... கண் திரையில், வாய் அவள் பக்கம். ஒன்று, இன்னொன்று. அதில் ஒன்று மற்றதைப் போல ஊறவில்லையே? சின்னதாக, கெட்டியாக, நாக்கின் ஓரத்தில் பட்டதே? நான் என்ன செய்தேன்? வழக்கம்போல ஒரு மடக்குக் காப்பி.

எறும்பிலிருந்து முடிவரை கையில் கிடைத்த எல்லாவற்றையும் தன் வாயில் போட்டுப் பார்த்தவள், தங்கம் கிடைத்ததும் அப்பாவுக்கு ஊட்டிவிட்டிருக்கிறாள். அவள் எதை எடுத்துத் தின்றுவிடுவாளோ என்று காலையிலிருந்து செத்துப் பிழைத்தோமே, அவள் கொடுப்பவள் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லையே? எனக்குத் தொண்டையை அடைத்தது. திருகாணியால் அல்ல.

"பவா," என்றேன். "டாக்டர் இன்னும் உள்ளதான இருக்காங்க?"

பவானி என்னைப் பார்த்தாள். நான் என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள்தான், நிலா பயந்துபோய் அவளைப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

லோகேஸ் சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, மரியாதையாக என்னிடம் நீட்டினான்.

"வழுக்கிக்கிட்டு வந்துரும், மாமா."

நிலா இப்போது பின்னால் பூட்டிக்கொள்ளும் ஸ்டட் போட்டிருக்கிறாள். அந்தப் பழைய திருகாணி கிடைத்ததா என்று மட்டும் தயவுசெய்து யாரும் மெசேஜ் போட்டுக் கேட்காதீர்கள்.